நாலாறு நாட்டுத் தேர்தலில் எத்தனை பேர் நிற்கலாம்?

கேள்வி (2025 ஜூன் 27)

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு கற்பனை நாட்டுக்குப் பொதுத்தேர்தல் நடத்தப் போகிறோம். நாட்டின் பெயர் நாலாறு. கூட்டாட்சி. பவானி, நொய்யல், அமராவதி, காவிரி என்று நாலு மாநிலங்கள். ஒரு தொகுதியில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி எழுதி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் மொடக்குறிச்சி மாதிரி கூத்தாகிவிடும். சரிதானே?

பதில் (ஜூன் 27, இரவு)

அந்த விதியை எடுத்துவிடுங்கள். மொடக்குறிச்சியில் நடந்தது கூத்து இல்லை.

1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் விவசாயிகள். எத்தனை முறை சொன்னாலும் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் மனுத்தாக்கல் செய்தவர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. பொது அறிவுப் புத்தகங்களில் இது விநோதச் செய்தியாக வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

என் பெரியப்பா அந்த 1,033 பேரில் ஒருவர்.

ஜூன் 28

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

வாய்க்கால் பாசனத் தோட்டம். மஞ்சளும் கரும்பும் மாற்றி மாற்றி வைப்பார். எந்தக் கட்சியிலும் இல்லை. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். பணத்தை எடுத்து மேல்சட்டைப் பையில் வைக்கும்போது பெரியம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "செயிச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" பெரியப்பா சொன்னார்: "செயிக்கறதுக்கு ஆரு நிக்கறாங்க? எம் பேரு அந்தச் சீட்டுல இருக்கோணும். அடிக்கறவன், எண்ணறவன் எல்லாம் படிச்சுத்தானே ஆகோணும்."

மனுவில் எழுத்துப்பிழை வந்தால் தள்ளிவிடுவார்கள் என்று பயம். அதனால் வாக்காளர் பட்டியலில் தன் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஊரில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். டெம்போ பிடித்துப் போனார்கள். டெபாசிட் போய்விட்டது, அது போகும் என்று தெரிந்துதான் கட்டினார்.

இதைக் கூத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஜூன் 28, மறுபடியும்

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தத் தேர்தலில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. இதையும் சிரிப்பாகத்தான் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேட்பாளருக்கே ஓர் ஓட்டு இருக்கிறதே? சிலர் வேறு தொகுதி வாக்காளர்களாக இருந்திருக்கலாம். மற்றவர்கள்? தன் பெயர் சீட்டில் இருக்க, தன் ஓட்டை வேறொருவருக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். யார் ஆள வேண்டும் என்பதற்கு ஓட்டு, என் குறை என்ன என்பதற்கு வேட்புமனு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவே இல்லை.

வாக்காளர்களும் குழம்பவில்லை. அத்தனை பெயர்களுக்கு நடுவிலும் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனைத் தேடிப் பிடித்து ஜெயிக்க வைத்தார்கள்.

ஜூன் 30

திருச்செங்கோட்டு நண்பர் எழுதியது: "அந்த வருசம் நாடு முழுக்க இதே நோய்தான். அதனால்தான் டெபாசிட்டைக் கூட்டினார்கள். கூட்டியது சரி."

நோய் என்ற சொல்லை ஏற்கமாட்டேன், ஆனால் தகவல் சரி. 1996 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகாவின் பெல்காமில் 456 பேர். நல்கொண்டாவில் என்ன பிரச்சினை தெரியுமா? குடிதண்ணீரில் ஃபுளோரைடு. பல் கறை படிந்து, எலும்பு வளைந்து போன ஜனங்கள். பெல்காமில் மராத்தி பேசுபவர்களின் எல்லைப் பிரச்சினை. மொடக்குறிச்சியில் விவசாயிகள். மூன்று ஊருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒரே வருடத்தில் ஒரே வழியைத் தேடிக்கொண்டார்கள் என்றால், மற்ற வழிகளெல்லாம் அடைபட்டிருந்தன என்றுதானே அர்த்தம்?

அதற்கு டெல்லி என்ன செய்தது? அதே 1996-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்களவை டெபாசிட் 500-லிருந்து 10,000. சட்டமன்றம் 250-லிருந்து 5,000. 2009-க்குப் பிறகு 25,000-மும் 10,000-மும். பலன் உடனே தெரிந்தது. 1996-ல் மக்களவைக்கு நின்றவர்கள் 13,952 பேர், 1998-ல் 4,750 பேர். கூட்டம் குறைந்தது. தண்ணீரில் ஃபுளோரைடு குறைந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஜூலை 1

திருச்செங்கோட்டாரின் மறுமொழியில் நியாயம் இருக்கிறது. 250, 500 எல்லாம் 1951-ல் வைத்த தொகை. அன்றைக்கு அது பெரிய பணம். 45 வருடம் மாற்றாமல் விட்டதால்தான் 1996-ல் அது சில்லறையாகிப் போனது, அதை நேராக்கினார்கள், அவ்வளவுதான் என்கிறார்.

சரி, கணக்குக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பணத்தை அளவுகோலாக வைத்தால் யார் தடுக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டைப் பிரிக்கப் பெரிய ஆட்கள் நிறுத்தும் டம்மி வேட்பாளருக்குப் பத்தாயிரம் ஒரு காசே இல்லை, கட்ட வேறு ஆள் இருக்கிறார். தோட்டத்தை நம்பி இருக்கிறவருக்கு அது ஒரு போகத்தின் உரச்செலவு. நிஜமான குறையோடு வருகிறவரைத்தான் அது திருப்பி அனுப்புகிறது.

நாலாறு நாட்டில் பிள்ளைகளிடம் எப்படியும் பணம் வாங்கப் போவதில்லை. நல்லது. முன்மொழிபவர் எண்ணிக்கையை வையுங்கள். நம் சட்டத்திலேயே அது இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்து பேர் வேண்டும், அத்தனை பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். இந்த வேறுபாடு எனக்குப் பிடிக்கவில்லை. நாலாறில் எல்லோருக்கும் ஒரே எண் வையுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டால் நிற்கலாம். பணம் கட்டுவதைவிட நாலு பேரிடம் போய்த் தன் குறையைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது கடினம், அது தேர்தல் வேலையும்கூட.

ஜூலை 3

நான் இதுவரை வேட்பாளர் பக்கமிருந்து மட்டுமே பேசினேன். மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரி 27, ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். 77 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பொத்தான்கள்தான். நோட்டாவோடு 78 ஆகிறது, ஆக ஒரு சாவடிக்கு ஐந்து இயந்திரங்கள். எனக்குத் தேர்தல் பணி. ஐந்தையும் ஒன்றோடொன்று கேபிளில் கோத்து, ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்த்து, பள்ளி மேசைகளைச் சேர்த்துப்போட்டு அடுக்கினோம்.

காலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. வழக்கமாக 50 ஓட்டுப் போட்டால் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு தடவையாவது அழுத்த வேண்டுமே. ஒவ்வொன்றுக்கும், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி நின்று விழுகிறது, பிறகு பீப். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை, உள்ளே ஒரு பெயர், ஒரு பீப், அடுத்த பெயர், அடுத்த பீப். தொலைக்காட்சியில் ஒரு விநாடிகூடக் காட்டாத பெயர்களை அன்றைக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தோம். "எண்ணறவன் எல்லாம் படிச்சுத்தானே ஆகோணும்" என்று பெரியப்பா சொன்னதன் கனம் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

பத்து மணி வாக்கில் ஓர் அம்மா வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. முதல் இயந்திரத்திலிருந்து குனிந்து குனிந்து கடைசி வரை போகிறார், திரும்ப வருகிறார். "ஏஞ்சாமி, இதுல எதுலடா இருக்குது?" என்று அங்கிருந்தே கேட்கிறார். நாங்கள் பக்கத்தில் போகக் கூடாது, சின்னத்தையும் காட்டக் கூடாது. "பொறுமையாப் பாருங்கம்மா" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பீப் கேட்டது. யாரைத் தேடினார் என்று தெரியாது, தெரியவும் கூடாது.

ஆனால் ஒன்று கவனித்தேன். பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில் வரும், அப்புறம் பதிவு செய்த மற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். அதனால் பெரிய சின்னத்துக்குப் போடுகிறவர் முதல் இயந்திரத்தின் தலைமாட்டிலேயே வேலையை முடித்துவிடலாம். கூட்டம் கூடக்கூடச் சிரமப்படுவது சுயேச்சைக்குப் போட வந்தவர்தான். அவர்தான் ஐந்தாவது இயந்திரம் வரை குனிய வேண்டும்.

ஜூலை 3, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, நீங்களே உச்சவரம்புக்கு வந்துவிட்டீர்கள்" என்கிறார்கள். இல்லை. அந்த அம்மாவின் சிரமத்துக்குத் தீர்வு பட்டியலைச் சிறிதாக்குவது அல்ல, பட்டியலை முன்கூட்டியே அவர் கையில் கொடுப்பது. தேர்தலுக்கு முந்தைய நாட்களில் ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், பேருந்து நிலையத்தில் மாதிரிச் சீட்டைப் பெரிதாக ஒட்டி வைத்தால் பாதித் தேடல் வீட்டிலேயே முடிந்துவிடும். உங்கள் பள்ளியில் அறிவிப்புப் பலகை இருக்கிறதே, மூன்று நாள் முன்னதாக ஒட்டிவிடுங்கள்.

ஜூலை 6

மஞ்சள் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. ஈரோட்டுக்காரர்கள் இந்த இழைக்கு வந்து மஞ்சள் பேசாமல் போவார்களா?

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலும் மஞ்சள், சோள விவசாயிகள். கட்டுப்படியாகும் விலையும் மஞ்சள் வாரியமும் கேட்டார்கள். ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். 1996-ல் டெபாசிட்டைக் கூட்டியவர்கள் இனிமேல் இப்படி நடக்காது என்று நினைத்திருப்பார்கள். 25,000 கட்டியும் நின்றார்கள் என்றால் வயிறு எவ்வளவு எரிந்திருக்க வேண்டும்!

முடிவு என்ன? முதல்வரின் மகளாகவும் சிட்டிங் எம்பியாகவும் இருந்த கவிதா தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்த பாஜக வேட்பாளர் அர்விந்த் ஜெயித்தார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தே விட்டது.

ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு அதே 2019-ல் கிடைத்தது. வாரியம் போனது அங்கே. விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் இங்கே ஏலம் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இதில் ஆதங்கம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அந்த 185 பேரால் மட்டுமே வாரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் மஞ்சள் என்ற சொல் டெல்லியில் அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 7

கரூர் நண்பருக்கு: ஆமாம், 2024-ல் உங்கள் தொகுதியில் 54 பேர், நாலு இயந்திரம். ஈரோடு கிழக்கில் 2025 பிப்ரவரியில் மறுபடி இடைத்தேர்தல் வந்தபோது 46 பேர், மூன்று இயந்திரம். இவற்றை மொடக்குறிச்சியோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒரே குறையைச் சொல்லி ஊரே திரண்டு நிற்பது வேறு, ஆளாளுக்குத் தனித்தனிக் காரணத்தோடு நிற்பது வேறு. இரண்டுக்கும் உரிமை ஒன்றுதான்.

ஒரே பெயரில் ஆளை நிறுத்தும் தந்திரம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் பட்டியலில் இருந்தார்கள். இயந்திரத்தில் வேட்பாளர் படம் ஒட்டும் வழக்கம் 2015-லேயே வந்துவிட்டதால் கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் வகுப்பில் ரெண்டு கார்த்தி, மூணு தர்ஷினி இருப்பார்கள். சீட்டில் படம் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஜூலை 11

ஆசிரியர் இப்போது வேறொன்று கேட்கிறார். நாலு மாநிலத்துக்கும் இடங்களை எப்படிப் பங்கிடுவது? மக்கள்தொகைப்படி போட்டால் காவிரிக்கும் பவானிக்குமே முக்கால்வாசி போய்விடுகிறதாம், அமராவதிப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

இது பிள்ளைகள் சண்டை இல்லை, இன்றைக்கு நம் நாட்டுச் சண்டையே இதுதான். தமிழ்நாட்டுக்கு 1962-ல் மக்களவையில் 41 இடம். 1967-லிருந்து 39. 1976-ல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2001-ல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே குரலை இழக்க வேண்டுமா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. என் பதில் கூடாது என்பதே. ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் பக்க நியாயத்தையும் சொல்லுங்கள்: ஒரு எம்பிக்குக் கூடுதல் ஜனம் இருந்தால் அங்கே ஒரு ஓட்டின் மதிப்புக் குறைகிறது.

மேலவையில் சரிக்கட்டலாம். அமெரிக்க செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாவற்றுக்கும் இரண்டு இடம். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்குப் பன்னிரண்டு. நம் மாநிலங்களவை அப்படி இல்லை, அங்கேயும் மக்கள்தொகைதான்: உத்தரப் பிரதேசம் 31, தமிழ்நாடு 18, சிக்கிம் 1. நாலாறுக்கு நான் செனட் வழியைச் சொல்வேன். கீழவை தலைக்கணக்கு, மேலவை மாநிலத்துக்குச் சமம். தண்ணீர்ப் பங்கீட்டுச் சட்டம் எதுவானாலும் மேலவையிலும் ஜெயிக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஆற்றின் பெயரில் மாநிலம் வைத்துவிட்டுக் கடைமடைக்காரனை எண்ணிக்கையால் அடிக்க விடக் கூடாது.

உங்கள் கோபி மக்களவைத் தொகுதியே 2008 மறுவரையறையில் இல்லாமல் போனது. இப்போது கோபி சட்டமன்றத் தொகுதி திருப்பூர் மக்களவைக்குள் இருக்கிறது. பிள்ளைகளிடம் வீட்டில் தாத்தாவைக் கேட்டு வரச் சொல்லுங்கள், எல்லை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பாடப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார்.

ஜூலை 12

நொய்யல் மாநிலத்துப் பிள்ளைகள் சாயத்தண்ணீரை முதல் வாக்குறுதியாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு மகிழ்ச்சி. ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பாசனத்துக்கு 1992-ல் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கே ஆகாமல் போனது. அதே மாநிலத்தில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் பேச்சும் மேடையில் வரட்டும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனவர்களின் கதை வேறு.

ஜூலை 19

ஆசிரியரின் தகவல்: உச்சவரம்பை எடுத்தாயிற்று. அஞ்சு கையெழுத்து விதி வைத்தாயிற்று. அமராவதி மாநிலத்தின் ஒரே தொகுதியில் பதினோரு பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்குறுதி: எங்களுக்கு இன்னொரு இடம் வேண்டும். "வாபஸ் வாங்கச் சொல்லட்டுமா?"

தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பதினோரு பேருக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஆளுக்கு ஒரு பெரிய கட்சித் தலைவரிடம் போய், இந்தக் கோரிக்கைக்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்கி வரட்டும். பதில் கொடுக்காத கட்சியின் பெயரையும் பலகையில் எழுதுங்கள். மொடக்குறிச்சியில் இது நடக்கவில்லை. வாக்குச்சீட்டை எப்படி அச்சடிப்பது, பெட்டி போதுமா, எண்ணி முடிப்பது எப்படி என்றெல்லாம் அலுவலகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. என்ன வேண்டுமென்று அந்த ஆயிரம் பேரையும் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

ஜூலை 20

சீட்டு அச்சடிப்பது பற்றி: ஏ4 தாளில் ரெண்டு பத்தியாகப் போட்டால் பதினோரு பெயரும் நோட்டாவும் தாராளமாகப் பிடிக்கும். கட்சியை முதலில் வைக்க வேண்டாம், எல்லாப் பெயரும் தமிழ் அகர வரிசையில் வரட்டும். எழுத்தை 16 புள்ளிக்குக் குறைக்காதீர்கள். எண்ணும்போது ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிக்க ஒரு பிள்ளையை நிறுத்துங்கள், ஓட்டே விழாத பெயரையும் சேர்த்து.